உங்கள் நாயின் ஈறு என்ன நிறம்?

உங்கள் வீட்டில் நாய் இருக்கிறதா? இருந்தால், படிப்பதை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு, அதன் மேலுதட்டை மெல்லத் தூக்கி ஈறு என்ன நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் தாமானின் நடுவில் ஒரு சிறிய திடல் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் வெயில் தணிந்ததும் நாய் வளர்ப்பவர்கள் ஒவ்வொருவராக அங்கே வந்து சேர்வோம். ஜெர்மன் ஷெப்பர்டோடு வரும் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், ஷீட்சூ வளர்க்கும் இளந்தம்பதி, கிழட்டு வெள்ளை நாயை ஒரு தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வரும் சீன மூதாட்டி, பழுப்பு நிறக் கலப்பின நாயான மைலோவோடு நான். பேச்செல்லாம் நாய்களைப் பற்றியதுதான்.

"என் பிள்ளைங்க ரெண்டு பேரும் சிங்கப்பூர்ல. வீட்டுக்குள்ள நுழைஞ்சா 'வந்துட்டியா'ன்னு கேக்கறது இவன் ஒருத்தன்தான் டீச்சர்" என்பார் லாரி ஓட்டுநர். இளந்தம்பதி தங்கள் நாய் கடித்துக் குதறிய செருப்புகளைக் கணக்குச் சொல்லிச் சிரிப்பார்கள்.

சில நாள் யாராவது நாய் இல்லாமல், கழுத்துப்பட்டையை மட்டும் கையில் பிடித்தபடி வருவார்கள். அப்போது யாரும் எதுவும் கேட்பதில்லை. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுப்போம்.

நாய் வளர்ப்பதில் மகிழ்ச்சியும் துயரமும் இப்படிச் சேர்ந்தே வருகின்றன. அந்தத் துயரத்தில் ஒரு பகுதியை நம்மால் தடுக்க முடியும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அந்த அன்பு உண்மையானதா?

"சோறு போடுகிறோம், அதனால் வாலை ஆட்டுகிறது. அதை அன்பு என்று சொல்லலாமா, டீச்சர்?" படிவம் 4 மாணவர் ஒருவர் வகுப்பில் கேட்ட கேள்வி இது. நல்ல கேள்வி. ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே போன்ற கேள்வியோடு ஓர் ஆய்வு செய்து, அதன் முடிவை 2015-ஆம் ஆண்டு வெளியிட்டார்கள்.

நாய்களையும் அவற்றை வளர்ப்பவர்களையும் ஓர் அறையில் 30 நிமிடம் சேர்ந்திருக்கச் செய்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் இரு தரப்பின் சிறுநீரையும் சோதித்தார்கள். அவர்கள் தேடியது ஆக்சிடோசின் என்ற ஹார்மோனை. தாய்க்கும் குழந்தைக்கும் இடையிலான பிணைப்பை வளர்ப்பதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. வளர்ப்பவரின் கண்ணை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்த நாய்களிடம் ஆக்சிடோசின் கூடியிருந்தது. அந்த நாய்களை வளர்ப்பவர்களிடமும் அது கூடியிருந்தது. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் இந்த மாற்றம் தெரியவில்லை.

அதாவது, தாயும் குழந்தையும் ஒருவரையொருவர் பார்க்கும்போது இயங்கும் அதே வழியில்தான் நாயும் நாமும் பிணைக்கப்படுகிறோம். "பிள்ளை மாதிரி வளர்த்தேன்" என்று ஒருவர் சொன்னால் அதை மிகை என்று ஒதுக்கிவிட முடியாது.

இந்தப் பிணைப்பு மிகப் பழையது. ஜெர்மனியின் பான் நகருக்கு அருகே ஓபர்காஸல் என்ற இடத்தில் 1914-இல் ஒரு புதைகுழி கண்டெடுக்கப்பட்டது. சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முந்தையது. ஓர் ஆண், ஒரு பெண், அவர்களோடு ஒரு நாய்க்குட்டி. குட்டிக்கு ஏறக்குறைய ஏழு மாத வயது இருக்கும். அதன் பற்களை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வு, அக்குட்டி டிஸ்டெம்பர் என்ற கொடிய வைரஸ் நோயால் பல வாரம் அவதிப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. அந்த நோய் கண்ட குட்டி வேட்டைக்கும் உதவாது, காவலுக்கும் உதவாது. யாரோ அதன் வாயைத் துடைத்து, தண்ணீர் புகட்டி, குளிரில் அணைத்து வைத்திருந்தால்தான் அத்தனை நாள் அது பிழைத்திருக்க முடியும்.

அன்று அவர்களிடம் அன்பு இருந்தது, மருந்து இல்லை. இன்று டிஸ்டெம்பருக்குத் தடுப்பூசி இருக்கிறது. அன்போடு அறிவும் சேர்ந்தால் ஒரு குட்டியைக் காப்பாற்றிவிடலாம். அறிவு சேராமல் போனால் என்ன ஆகும் என்பதை நான் என் வீட்டிலேயே பார்த்தேன்.

மணி

நான் பிறந்து வளர்ந்தது கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா பால்மரம் வெட்டுபவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய்விட்டு, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைவார். அவருக்கு முன்னால் எங்கள் கறுப்பு நாய் மணி போகும். பாம்போ பன்றியோ இருந்தால் முதலில் குரைப்பது மணிதான். "மணி முன்னால போனா எனக்குப் பயமே இல்ல" என்பார் அப்பா.

1999-ஆம் ஆண்டு. மணி ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல், காய்ச்சல் கண்டது போலச் சுருண்டு படுத்திருந்தது. பிறகு தானே எழுந்து நடமாடியது. நாங்களும் மறந்துவிட்டோம். பல மாதம் கழித்து மறுபடியும் சோர்ந்தது. இரண்டு நாள் தொடர்ந்து அப்பாவோடு வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் அப்பா வாசலில் நின்று, "சோறு மட்டும் வேணும், கூட வரமாட்டியா, சோம்பேறி!" என்று அதட்டினார். மணி காதுகளைப் பின்னால் மடித்து, பார்வையைத் திருப்பி, வாலைக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டது. "பாரு, செஞ்ச தப்பு அதுக்கே தெரியுது" என்று சொல்லிவிட்டு அப்பா தனியாகப் போனார்.

அன்று மதியம் மணியின் மூக்கிலிருந்து இரத்தம் வழிந்தது. அம்மா துணியை நனைத்து நனைத்துத் துடைத்தார். நிற்கவில்லை. அப்பா வாளியைக் கூட இறக்கி வைக்காமல் ஓடிவந்தார். மறுநாள் விடிவதற்குள் மணி போய்விட்டது. லயத்துக்குப் பின்னால் புதைத்தோம். யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்றார்கள். வயதாகிவிட்டது என்றார்கள். அப்பா அதைப் பற்றிப் பேசவே இல்லை. அதற்குப் பிறகு இருபது ஆண்டுக்கும் மேல் எங்கள் வீட்டில் நாய் இல்லை.

'குற்ற முகம்' குற்ற முகம் இல்லை

மணி அன்று காட்டிய முகத்தை நாய் வளர்க்கும் எல்லாருமே பார்த்திருப்போம். மெத்தையைக் கிழித்துவிட்டு, நாம் கதவைத் திறந்ததும் தலையைத் தாழ்த்திக்கொள்ளும். தப்பு செய்தது தெரிந்துதான் அப்படி நிற்கிறது என்று நாம் முடிவு செய்துவிடுகிறோம்.

அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் இதைச் சோதித்து எழுதினார். 14 நாய்கள். வளர்ப்பவர் ஒரு தின்பண்டத்தைக் காட்டி, "தொடாதே" என்று சொல்லிவிட்டு வெளியே போவார். உள்ளே என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியாது. திரும்பி வரும்போது, "உங்கள் நாய் தின்றுவிட்டது" என்றோ "தின்னவில்லை" என்றோ சொல்வார்கள். சில முறை அது பொய்யாக இருக்கும். முடிவு என்ன தெரியுமா? நாய் தப்பு செய்ததா இல்லையா என்பதற்கும் அதன் முகத்துக்கும் தொடர்பே இல்லை. அதட்டல் விழுந்தால் அந்த முகம் வந்தது. ஒரு தவறும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அது அதிகமாகத் தெரிந்தது.

நாய் நம் கோபத்துக்குப் பணிகிறது. நாம் அதைக் குற்ற ஒப்புதல் என்று வாசிக்கிறோம். எனவே, முகத்தை மட்டும் பார்த்து நாயின் நிலையைக் கணிப்பது ஆபத்து. வலியையும் சோர்வையும் கூட அது பெரும்பாலும் அடக்கிக்கொள்ளும். உண்மையைச் சொல்வது அதன் உடல்: சாப்பாட்டுத் தட்டு, மூச்சு, வயிற்றுத் தோல், ஈறு.

உண்ணி செய்யும் வேலை

மணிக்கு என்ன நடந்திருக்கும் என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்குப் புரியத் தொடங்கியது. ஒட்டுண்ணிகள் பற்றிய பாடம் ஒன்றைத் தயாரிக்கும்போது உண்ணிக் காய்ச்சல் பற்றிப் படித்தேன். ஒவ்வொரு வரியும் மணியின் கதையைச் சொன்னது.

நம் ஊர் நாய்களின் காது மடலிலும் விரல் இடுக்கிலும் ஒட்டியிருக்கும் பழுப்பு நாய் உண்ணியைப் பார்த்திருப்பீர்கள். அது இரத்தம் குடிக்கும்போது எர்லிக்கியா கேனிஸ் என்ற பாக்டீரியாவை நாயின் உடலுக்குள் செலுத்தக்கூடும். உண்ணி கடித்துப் பிடித்த சில மணி நேரத்திலேயே இது நடந்துவிடலாம். இந்தக் கிருமி வெள்ளை அணுக்களின் உள்ளேயே புகுந்து வாழ்கிறது. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையத் தொடங்குகின்றன.

நோய் மூன்று கட்டமாகச் செல்லும். கடிபட்டு ஒன்று முதல் மூன்று வாரத்தில் காய்ச்சல், சோர்வு, பசியின்மை. இது முதல் கட்டம். பிறகு பல நாய்கள் குணமானது போலத் தோன்றும். கிருமி உடலிலேயே இருக்கும், வெளியே எதுவும் தெரியாது. இந்த இரண்டாம் கட்டம் மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில் கூட நீடிக்கலாம். மூன்றாம் கட்டத்தில் இரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையே பாதிக்கப்படும். மூக்கில் இரத்தம், தோலில் சிவப்புப் புள்ளிகள், வெளுத்த ஈறு, எடை இழப்பு. இந்தக் கட்டத்தில் காப்பாற்றுவது மிகக் கடினம்.

நம்மை ஏமாற்றுவது அந்த இரண்டாம் கட்டம்தான். "தானே சரியாகிவிட்டது" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம்.

இந்த நோய்க்கும் நம் வட்டாரத்துக்கும் ஒரு வரலாற்றுத் தொடர்பு உண்டு. இக்கிருமி முதலில் 1935-இல் அல்ஜீரியாவில் கண்டறியப்பட்டது. ஆனால் உலகம் அதன் கொடுமையை உணர்ந்தது 1960-களில். 1963-இல் சிங்கப்பூரில் பணியாற்றிய பிரிட்டிஷ் இராணுவ நாய்கள் இரத்தக் கசிவோடு நோயுற்றன. பிறகு வியட்நாம் போரில் அமெரிக்க இராணுவத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் இதே நோயால் மாண்டன. ஜெர்மன் ஷெப்பர்ட் இனத்தை இது கூடுதலாகத் தாக்குகிறது. இதைத் திடலில் சொன்ன அன்றே லாரி ஓட்டுநர் தம் நாயின் காதைப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். உண்ணி வாழ்நாள் முழுவதும் நாயின் மேலேயே இருப்பதில்லை. குஞ்சு, இளம்பருவம், முழு வளர்ச்சி என ஒவ்வொரு பருவத்திலும் ஒருமுறை இரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழுந்து, சுவர் விரிசலிலும் நாய்க்கூண்டின் இடுக்கிலும் ஒளிந்துகொள்ளும். ஒரு பெண் உண்ணி 4,000 முட்டை வரை இடக்கூடும். நம் நாட்டில் குளிர்காலம் இல்லை என்பதால் அதற்கு ஆண்டு முழுவதும் கொண்டாட்டம். நாயைக் குளிப்பாட்டினால் மட்டும் போதாது என்பது இதனால்தான்.

மைலோவின் 28 நாள்

மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் மைலோவை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அப்பா முதலில் அதைத் தொடவே இல்லை. ஒரு மாதத்தில் அதற்கு மீன் முள் எடுத்து ஊட்டுகிறவர் அவராகிவிட்டார்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மைலோ சோற்றை மிச்சம் வைத்தது. நான் வாசலுக்கு வந்தும் எழுந்து வரவில்லை. "வெயில்மா, அதான் சுருண்டு கிடக்கான்" என்றார் அப்பா. நான் உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விட்டேன். ஆரோக்கியமான நாயின் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். அழுத்தினால் வெளுத்து, விட்டதும் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும். மைலோவின் ஈறு அழுத்தும் முன்பே வெளுத்திருந்தது. வயிற்றைப் புரட்டிப் பார்த்தேன். குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகள்.

அன்றே கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். இரத்தப் பரிசோதனையில் எர்லிக்கியா உறுதியானது. தட்டணுக்கள் 48,000. நாய்க்குக் குறைந்தது இரண்டு லட்சமாவது இருக்க வேண்டும். டாக்சிசைக்ளின் என்ற மருந்தை 28 நாள் கொடுக்கச் சொன்னார்.

மருந்து வாங்கக் காத்திருந்தபோது அப்பா கேட்டார்: "மணிக்கும் இதானாம்மா?"

நான் அறிவியல் ஆசிரியை. தெரிந்ததைத்தான் சொல்ல வேண்டும். "உறுதியா சொல்ல முடியாதுப்பா. அன்னைக்கு யாரும் இரத்தம் எடுத்துப் பாக்கல. பாம்பு கடிச்சிருந்தாலும் இரத்தம் வரலாம். ஆனா மொதல்ல காய்ச்சல், நடுவுல நல்லா இருந்தது, அப்புறம் மூக்குல இரத்தம். எல்லாம் இதோட ஒத்துப் போகுது" என்றேன்.

அப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சோம்பேறின்னு திட்டினேம்மா" என்றார்.

அவருக்கு ஆறுதலாக ஒன்று சொன்னேன். அது உண்மையும் கூட. தோட்டத்தில் அன்று கால்நடை மருத்துவர் கிடையாது, இந்த நோயின் பெயரைக் கூட யாரும் கேள்விப்பட்டதில்லை. தெரிந்திருந்தும் விட்டுவிட்டால்தான் குற்றம்.

நான்காம் நாளே மைலோ எழுந்து தபால்காரரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்துக் குரைத்தது. "நல்லாயிட்டானே, இன்னும் எதுக்கு மருந்து?" என்று அப்பாவே கேட்டார். பலர் மருந்தை நிறுத்துவது இந்த இடத்தில்தான். நாங்கள் நிறுத்தவில்லை. மீண்டும் பரிசோதித்தபோது தட்டணுக்கள் 230,000.

வயதும் விடைபெறுதலும்

எல்லா நோயையும் தடுத்தாலும் நாயின் ஆயுள் நம் ஆயுளை எட்டாது. நாயின் ஒரு வயது மனிதரின் ஏழு வயது என்பது பழைய கணக்கு. கலிஃபோர்னியாவில் லேப்ரடார் நாய்களின் டிஎன்ஏவில் வயதுக்கேற்ப ஏற்படும் மாற்றங்களை ஆராய்ந்து 2020-இல் வேறொரு கணக்கு தந்தார்கள். நாயின் வயதின் இயல் மடக்கையை 16-ஆல் பெருக்கி, 31-ஐக் கூட்ட வேண்டும். கால்குலேட்டரில் 'எல்என்' பொத்தானை அழுத்தி நீங்களே செய்து பாருங்கள். ஒரு வயது லேப்ரடார் 31 வயது மனிதருக்குச் சமம். நான்கு வயதில் 53. ஒன்பதில் 66. எல்லா இனத்துக்கும் இது அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் இளமை மிக வேகமாக ஓடிவிடுகிறது என்பது தெளிவு. பொதுவாகப் பெரிய இன நாய்களின் ஆயுள் சிறிய இனங்களைவிடக் குறைவு.

தள்ளுவண்டியில் வந்த வெள்ளை நாய்க்கு வயது பதினைந்து. சிறுநீரகம் செயலிழந்து, தண்ணீரும் தங்காத நிலையில், மருத்துவர் கடைசி ஊசியைப் பற்றிச் சொன்னார். மூதாட்டி என்னையும் உடன் வரச் சொன்னார். "வலிக்குமா?" என்பது ஒன்றுதான் அவர் கேள்வி.

வலிக்காது. நரம்பில் செலுத்தப்படுவது அளவு கூடிய மயக்க மருந்து. முதலில் மூளை உணர்விழக்கிறது. அதன் பிறகே மூச்சு நிற்கிறது, பிறகு இதயம். கண் திறந்தபடியே இருக்கலாம். கடைசியாக ஓரிரு முறை மூச்சு இழுப்பது போலவும் தெரியலாம். அது தசைகளின் அனிச்சைச் செயல், நாய் அதை உணர்வதில்லை. இதை முன்கூட்டியே அவரிடம் விளக்கினேன். அவர் நாயின் தலையைத் தம் மடியில் வைத்துக்கொண்டார். கடைசியாக அது பார்த்தது அவர் முகத்தைத்தான்.

"ஒரு நாய்க்குப் போய் இப்படி அழுவதா?" என்று அதன் பிறகு யாராவது கேட்டால், ஆக்சிடோசின் ஆய்வை அவருக்கு நினைவூட்டுங்கள். பிணைப்பு உண்மையானால் பிரிவின் வலியும் உண்மையானதுதான்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

• வாரம் ஒருமுறை ஈறின் நிறத்தைப் பாருங்கள். சில நாய்களின் ஈறு இயற்கையாகவே கறுப்பாக இருக்கும். அவற்றுக்குக் கீழ்க்கண் இமையின் உட்புறத்தைப் பாருங்கள்.

• காது, விரலிடுக்கு, அக்குள், கழுத்துப்பட்டையின் அடிப்பகுதி ஆகியவற்றில் தினமும் உண்ணி தேடுங்கள். கண்டால் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். விரலால் நசுக்காதீர்கள். நெருப்பு, மண்ணெண்ணெய் வேண்டாம்.

• உண்ணித் தடுப்பு மாத்திரை, கழுத்துப்பட்டை, சொட்டு மருந்து எனப் பல வகை உண்டு. உங்கள் நாயின் எடைக்கு எது ஏற்றது என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டு, ஆண்டு முழுவதும் தொடருங்கள். கூண்டையும் சுவர் இடுக்குகளையும் சுத்தம் செய்யுங்கள்.

• காய்ச்சல் என்று நினைத்து மனிதருக்கான பாரசிட்டமால், ஐபுபுரோஃபென் போன்றவற்றை நீங்களாகக் கொடுக்காதீர்கள். அவை நாயின் உறுப்புகளைப் பாதிக்கலாம்.

• ஒரு நாள் முழுவதும் சாப்பிடவில்லை, மூக்கில் இரத்தம், ஈறு வெளுப்பு, சிவப்புப் புள்ளிகள் – இவற்றில் எது தெரிந்தாலும் நாளை வரை காத்திருக்க வேண்டாம்.

• தானே குணமானாலும் இரத்தப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். கொடுத்த மருந்தைக் கடைசி நாள் வரை கொடுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தச் சோதனையைச் செய்வது அப்பாதான். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாசல் படியில் உட்கார்ந்து, மைலோவின் உதட்டைத் தூக்கிப் பார்ப்பார். சமையலறையில் இருக்கும் எனக்குக் கேட்கும்படி, "ரோஸ் கலர்தாம்மா!" என்று குரல் கொடுப்பார்.

நீங்கள் பார்த்துவிட்டீர்களா?